பன்னிரண்டாம் நம்பரை மூடவிடாத ஜெசிந்தா

செய்தி வந்தபோது டெல்லி லக்ஷ்மிபாய் நகர் நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஜெசிந்தாவின் கணவர் அந்தோணி, “போயிட்டா, சண்முகம்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இரண்டு பஸ்களை விட்டுவிட்டேன். மூன்றாவதன் நடத்துனர் “ஜல்தி, ஜல்தி” என்று கத்திய பிறகுதான் ஏறினேன்.

பித்தப்பைக் கல்லுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளப் போனவரை, எந்த மருந்துக்கும் மசியாத ஒரு கிருமி பிடித்துக்கொண்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் பெரியவர் ஒருவர், “வாழ்நாளெல்லாம் கிருமியோடு போராடினார். கடைசியில் கிருமியே ஜெயித்துவிட்டது” என்று உருக்கமாகப் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெசிந்தாவோடு வேலை பார்த்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். யார் ஜெயித்தது? ஆட்டம் முடிந்துவிட்டதென்று உங்களுக்கு யார் சொன்னது?

நானும் ஜெசிந்தாவும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே மேஜையின் இரண்டு பக்கங்களில் உட்கார்ந்து சண்டை போட்டவர்கள். எங்கள் வேலை பெப்டைடுகள். தவளையின் தோலிலும் நம் வியர்வையிலும்கூடக் கிருமிகளைக் கொல்லும் சின்னஞ்சிறு புரதத் துண்டுகள் உண்டு. அவற்றைப் பார்த்து நாங்களும் செய்து, நம்பர் போட்டு வைப்போம். பழைய மருந்துகள் பலவற்றிலிருந்து கிருமி தப்பிக்கப் பழகிவிட்டது. இவை நேராக அதன் மேலுறையையே கிழித்துவிடுகின்றன. “பூட்டை மாத்திக்கிட்டே இருக்கான்லா, நாம சுவத்தை இடிப்போம்” என்பார் ஜெசிந்தா. எத்தனை வருஷம் கிட்வாய் நகரில் குடியிருந்தும் அவருடைய தூத்துக்குடிப் பேச்சு மாறவில்லை. இடையிடையே ஒரு ஹிந்தி ‘அச்சா’ மட்டும் சேர்ந்துகொண்டது.

பன்னிரண்டாம் நம்பர் முதலில் நன்றாக வேலை செய்தது. பிறகு வாரத்துக்கு வாரம் வலுவிழந்து, ஒரு நாள் ஒன்றுமே செய்யாமல் நின்றுவிட்டது. நான் சோர்ந்துபோய், “இத்துடன் முடிக்கலாம்” என்று அறிக்கையின் கடைசி வரியை எழுதினேன். ஜெசிந்தா நான் செய்து வைத்ததையெல்லாம் எடுத்து மூன்று நாள் குடைந்தார். நாலாம் நாள் என் முன்னால் ஒரு குழாயை ஆட்டினார்.

“உம்ம மருந்து சாகலவே. இந்தக் குழாய்ச் சுவத்துல ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. நீரு வெறும் தண்ணியை எடுத்துக் கிருமி மேல ஊத்திருக்கீரு!”

இடையில் ஆய்வுக்கூடத்தில் வேறு வகைக் குழாய் வாங்கியிருந்தார்கள். இந்த வகைப் பெப்டைடு அதில் ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அதைக் கவனிக்காமல் விட்டவன் நான்தான். அவர் என் கடைசி வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் “முடிக்கலை” என்று எழுதினார். வெட்கத்தில் நான் அன்று டீ குடிக்கக்கூடப் போகவில்லை. அவரே வாங்கிக்கொண்டு வந்து வைத்தார்.

சோதனைக்குப் புது ரத்தம் வேண்டும். கிருமியைக் கிழிக்கும் பெப்டைடு நம் சிவப்பணுவையும் கிழித்தால் அது மருந்தாகாது. அனுமதி பெற்ற கொடையாளர் பட்டியலில் முதல் பெயர் ஜெசிந்தாவுடையது. “எம் ரத்தத்தை உடைக்கிறதை ஊரான் உடம்புல ஏத்துவனா?” என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார். ஒருமுறை நானும் வீறாப்பாகக் கையை நீட்டி, ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்தேன். அதற்குப் பிறகு ஊசி எடுக்கும் நாளெல்லாம் அவர் என்னைக் கூப்பிட்டு, “சண்முகம், நீரு வெளிய போய்க் காத்து வாங்கும்” என்பார்.

ஆஸ்பத்திரியில் அவர் முதலில் கேட்ட காரியம், தன்னிடமிருந்து எடுத்த கிருமியை எங்கள் கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான். தானே கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டாம் நம்பரை அதன்மேல் விட்டேன். மறுநாள் தட்டில் ஒரு கிருமிகூட உயிரோடில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

“குடுத்துப் பாப்போம், ஜெசிந்தா. டாக்டர் கால்ல விழுந்தாவது கேக்கிறேன்.”

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். “கிருமியைக் கொல்லுற அளவுல எம் ரத்தமும் உடையுதே, மறந்துட்டீரா? இது ஆராய்ச்சி இல்லவே, சூதாட்டம். போய் அதைச் சரி பண்ணும்.”

நான் அங்கேயே அழுதேன். அவர் சொன்னது சரி என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அந்தக் கிருமி இப்போது எங்கள் உறைபெட்டியில் இருக்கிறது. அது ஜெயித்ததாகப் பேசுகிறவர்கள் வந்து அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். பன்னிரண்டாம் நம்பரில் இரண்டு இடங்களை மாற்றிப் புதிதாகச் செய்தோம். போன வாரம் சோதனை. கொடையாளர் பட்டியலில் ஜெசிந்தாவின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். நாற்காலியில் உட்காராமல் முன்னெச்சரிக்கையாகப் படுத்துக்கொண்டே கையை நீட்டினேன். மயங்கத்தான் செய்தேன். விழித்தபோது ரத்தம் எடுத்து முடித்திருந்தார்கள்.

சிவப்பணு உடையாவிட்டால் குழாயில் மேலே நிற்கும் நீர் தெளிந்திருக்கும். எங்கள் குழாயில் லேசாகச் சிவந்திருந்தது. முன்பிருந்த சிவப்பில் பாதிகூட இல்லை, ஆனால் தெளியவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

ஜெசிந்தாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த அறிக்கையின் ஒரு பக்கம் மட்டும்தான். மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். என் வரியை அடித்த கோடு அப்படியே இருந்தது. அவர் எழுதிய “முடிக்கலை” என்பதற்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டு, நானும் அதையே எழுதினேன். அடுத்த புதன்கிழமை மறுபடி கையை நீட்டுகிறேன்.