குட்டி ராணியின் சித்தப்பா

என் சித்தப்பாவைப் பார்த்து நான் நடுங்கிய நாள் ஒன்று உண்டு. அதற்கு அவர் காரணமில்லை. ஸ்பெயின் தேசம்தான் காரணம்.

அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், மலையடிவார வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. பின்கதவைத் திறந்தால் சாக்கடை, அதைத் தாண்டிக் கொஞ்சம் லாலாங் புல், அப்புறம் நெட்டுக்குத்தாகச் சுண்ணாம்புப் பாறை. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மாவின் தம்பியான மாமா சனிக்கிழமைகளில் தஞ்சோங் மாலிமிலிருந்து வருவார். கார் தொழிற்சாலையில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. விரல்நகம் உயரச் சிப்பாய்ப் பொம்மைகளை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து வர்ணம் தீட்டி, என்றைக்கோ முடிந்துபோன போர்களை மேசைமேல் மறுபடி நடத்துவதுதான் அவருக்கு உலகத்திலேயே பிடித்த காரியம். கூட விளையாடப் பெரியவர்கள் யாரும் அகப்படாததால், எதிரிப் படைக்கு ஒன்பது வயதுத் தளபதியாக என்னை வைத்துக்கொண்டார்.

அன்று வெள்ளை நுரை அட்டையை வெட்டி ஒரு மலையையே செய்து கொண்டுவந்திருந்தார். சாப்பாட்டு மேசை முழுவதும் மலை. உச்சியில் சிவப்புத் தொப்பிக்காரர்கள், கீழே கணவாயில் நீலச் சட்டைக்காரர்கள். நீலம் எனக்கு.

“இது ஸ்பெயின் சண்டை. நீ ராணி கட்சிலா,” என்றார் மாமா. “ராணி உன்னைவிடச் சின்னப் பிள்ளை. ராஜா செத்துட்டாரு. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு நாடு, எனக்குக் குடுங்கன்னு ராஜாவோட தம்பி சண்டைக்கு வந்துட்டாரு.”

“ராஜாவோட தம்பின்னா?”

“அவளுக்குச் சித்தப்பாலா.”

நான் பகடையைக் கீழே வைத்துவிட்டேன். மாமா கவனிக்கவில்லை. கணவாயில் பஞ்சைப் பிய்த்து வைத்து, இது மூடுபனி என்றார். நீலச் சட்டைக்காரர்கள் பனிக்குள் வரிசையாக நடந்தார்கள். மேலேயிருந்து சிவப்புத் தொப்பிக்காரர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். மாமா கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் போட, என் ஆட்கள் குப்புற விழுந்தார்கள். விழும்போது அலறுகிற சத்தத்தையும் மாமாவே வாயால் செய்தார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் சித்தப்பாவின் வேன் வந்து நின்றது. அப்பாவுடன் பிறந்தவர் அவர் ஒருவர்தான். கோலா கங்சாரில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். அப்பாவின் அடக்கத்தன்று பார்த்ததற்குப் பிறகு இன்றுதான் வருகிறார். செருப்பைக் கழற்றக் குனிந்து நிமிர்ந்தவரின் தலையில், ஏதோ கடையில் இலவசமாகக் கொடுத்த சிவப்புத் தொப்பி.

அவர் நேராக அடுப்படிக்குப் போனார். கதவு ஒருக்களித்திருந்தது. அம்மா அழுகிற சத்தம் கேட்டது. பிறகு சித்தப்பாவின் தாழ்ந்த குரல்: “வீட்டப் பூட்டி வெப்போம் அண்ணி. பாப்பாவ நான் கொண்டு போயிடுறேன். அவகிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேணாம்.”

எனக்கு அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. பின்கதவு வழியாக வெளியே ஓடினேன்.

மலையில் ஏறக்கூடாது என்பது எங்கள் வரிசையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டம். மழைக்காலத்தில் பாறை பெயர்ந்து விழும். ஆடுகள் போட்ட தடத்தைப் பிடித்து, கையும் காலும் ஊன்றி, வீட்டுக் கூரைகள் கீழே தெரிகிற உயரம்வரை போய், ஒரு பொந்துக்குள் முடங்கினேன். மழை தொடங்கியது. கூரைகள் மறைந்தன. புகைபோல ஏதோ மலையைச் சுற்றி ஏறிவந்தது. பஞ்சு இல்லை, நிஜமான பனி. என் பல் அடித்துக்கொள்ளும் சத்தத்தில் நான் ஒளிந்திருக்கும் இடம் தெரிந்துவிடுமோ என்று தாடையைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு சிவப்புப் புள்ளி மெதுவாக மேலே வந்தது.

“பாப்பா!”

நான் இன்னும் உள்ளே தள்ளி உட்காரப் பார்த்தேன். காலடியில் இருந்த கற்கள் சரிந்தன. ஒன்று, பிறகு பத்து, பிறகு சடசடவென்று ஓர் ஓடையாக. கீழே ‘ஹம்மா’ என்றொரு சத்தம். அது மாமா வாயால் செய்த சத்தம்போல இல்லவே இல்லை. சின்னதாக, அசிங்கமாக இருந்தது. தொப்பி தனியாக உருண்டு போனது.

சித்தப்பா செத்துவிட்டார் என்றே நினைத்தேன். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றவில்லை. அழுகைதான் வந்தது.

“அசையாத பாப்பா,” என்றது குரல். “கால அசைக்காத. அங்கேயே இரு. நான் வாரேன்.”

வந்தார். நெற்றியிலிருந்து ரத்தம், மழையில் கரைந்து சட்டை முழுக்க. என்னைத் திட்டவில்லை. எதற்கு ஓடினாய் என்றும் கேட்கவில்லை. முதுகில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு காலாக வைத்துப் பார்த்து இறங்கினார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நான் சிறை போனேன்.

அம்மா வாசலிலேயே நின்றாள். “வழுக்கிட்டேன் அண்ணி, ஒண்ணுமில்ல,” என்றார் சித்தப்பா. எவ்வளவு தந்திரம் பாருங்கள், காயத்தைக்கூட மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மாமாவிடம் கண்ணால் உதவி கேட்டேன். அவர் தன் சிப்பாய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவேயில்லை. இரண்டு கண்ணும் சிவந்திருந்ததை அவர் தோற்றதற்காக என்று எடுத்துக்கொண்டேன். ஜெயித்தது அவர் கட்சி என்பது மறந்துவிட்டது.

அம்மாவுக்கு மார்பில் கட்டி. திங்கட்கிழமை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சேரவேண்டும். ஒரு மாதத்துக்குப் பிள்ளையை வைத்துக்கொள்ளத்தான் சித்தப்பா வந்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அம்மா திரும்பி வரவில்லை. அந்த ஒரு மாதம் நீண்டு, நான் கோலா கங்சாரிலேயே வளர்ந்து, அங்கிருந்தே கல்யாணமாகிப் போனேன்.

ஆனால் அன்று மாலை எனக்குத் தெரிந்ததெல்லாம், என் பை வேனில் ஏறிவிட்டது என்பதுதான். அம்மா சன்னலைப் பிடித்துக்கொண்டு சித்தப்பாவிடம் பேசிக்கொண்டே இருந்தாள். முட்டை மஞ்சள் சாப்பிடமாட்டாள். இடி இடித்தால் பக்கத்தில் யாராவது படுக்கணும். கணக்குக்கு டியூஷன் வேண்டியிருக்கும். பெரிய பிள்ளையானதும் முதலில் தங்கச்சி அவளோடு தனியாகப் பேசட்டும் என்று சித்தியைப் பற்றிச் சொன்னாள். கோபம் வந்தால் ரெண்டு நாள் பேசமாட்டாள், விட்டுவிடுங்கள் தம்பி, தானாக வருவாள்.

சித்தப்பா நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் “சரி அண்ணி, சரி அண்ணி” என்றார். எங்கள் ரகசியங்களை எல்லாம் அம்மா எதிரியிடம் ஒப்படைக்கிறாளே என்று, நான் அவள் முகத்தைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு இத்தனை எதற்கு என்று கேட்க அன்று எனக்குத் தெரியவில்லை.