வெள்ளித் தகட்டுக் கால்

என் வலது தொடையில் ஒரு பிடி சதை இல்லை. ஆண்டவர் எனக்குச் செய்ததற்கு நான் சொல்லும் சாட்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது குண்டு பாய்ந்தது. சுட்டது யார் என்று இன்றுவரை எந்தக் காகிதமும் சொல்லவில்லை. நுழைந்த ஓட்டை சின்னது. வெளியே போகும்போது முன்தொடைச் சதையை வாரிக்கொண்டு போய்விட்டது. உயிர் பிழைத்ததே பெரிசு என்று எங்கள் ஊர் குருசுக்குப்பமே வந்து ஆறுதல் சொன்னது. முட்டியை நீட்ட முடியாமல், மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போயிருந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

புண் ஆறியதும், சதை எப்போது வளரும் என்று டாக்டரிடம் கேட்டேன்.

"சின்னக் காயம்னா தானே வளந்துக்கும். இவ்ளோ போனா வளராதுப்பா. சதைய வளக்க வெளிநாட்டுல ஆராய்ச்சி நடக்குது. நம்ம கைக்கு இன்னும் வரல."

அன்றிலிருந்து ஆண்டவரோடு சண்டைதான். மண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்தவருக்கு ஒரு பிடி சதை பெரிய காரியமா? கால் கொடு, கடலுக்குப் போகணும் என்று தினமும் கேட்டேன். பிறகு வெறுத்துப்போய் விட்டுவிட்டேன். என் மனைவி செல்வி விடவில்லை. மீன் கூடையை இறக்கிய கையோடு மாதா கோயிலுக்குப் போய் முழங்கால் போடுவாள்.

எட்டு மாதம் கழித்து வேறொரு டாக்டர் பார்த்தார். முதுகுச் சதையை நரம்போடு எடுத்துத் தொடையில் வைத்துத் தைக்கலாம் என்றார்.

"ஆனா முதுகுல பலம் கொறையும். இன்னா வேல செய்யற?"

"வலை இழுக்கறேன் சார்."

வலை இழுப்பதே முதுகால்தான். வெளியே வந்து செல்வியிடம் கத்தினேன். இதற்கா இத்தனை ஜெபம்?

"நீ கடலுக்குப் போவணும்னு நான் எப்பய்யா வேண்டிக்கினேன்? எழுந்து நடக்கணும்னுதான் வேண்டிக்கினேன்."

சம்மதித்தேன். அந்தச் சதை காலில் வேலை கற்றுக்கொள்ள ஒரு வருடம் பிடித்தது. இன்று நடக்கிறேன். வலையை இழுத்தால் பாதியிலேயே முதுகு கைவிட்டுவிடுகிறது. கரையில் உட்கார்ந்து அடுத்தவர் வலையைத் தைக்கிறேன்.

கால் குணமானதற்கு நேர்ச்சைக் காணிக்கையாக வைக்க, கோயில் வாசலில் வெள்ளித் தகட்டுக் கால் ஒன்று வாங்கினோம். முதுகு இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள்.

"கை, கால், கண்ணு இருக்குண்ணே. முதுகு யாரும் கேட்டதில்லியே."

தகட்டுக் காலைப் பீடத்தில் வைத்துவிட்டு, செல்வி பக்கத்தில் முழங்கால் போட்டேன். எழுந்தபோது அவள் தோளைப் பிடிக்கவில்லை. அவள் அழுதாள். அப்போதுதான் நன்றி சொன்னேன். மனசு கசந்துதான் இருந்தது. ஆனாலும் பொய்யாகச் சொல்லவில்லை.

நீங்களும் கேளுங்கள். தருவார். எங்கிருந்து எடுத்துத் தருவார் என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கு என் முதுகிலிருந்தே எடுத்துத் தந்தார்.