அரை வாட் போதும் என்று நான் ஒத்துக்கொண்டது

நான் என் கையால் செய்த முதல் அம்பிளிஃபயர் அரை வாட்தான். ஒன்பது வோல்ட் பற்றரி ஒன்றில் ஓடும். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். குசினி மேசையில் வைத்துக் கிட்டார் வாசித்தால் முன் ஹோல் வரைக்கும் நன்றாகக் கேட்கும், பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டமாட்டார். கிரவீனில் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் இருக்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் நான் முதலில் ஆசைப்பட்டது இதற்கு இல்லை.

தேவாலயத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பவள் நான். வீட்டில் பயிற்சி செய்ய எனக்கென்று ஒரு அம்பிளிஃபயர் வேண்டியிருந்தது. கடையில் வாங்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். சமைக்கத் தெரிந்தவள் எதற்கு ஹரிஸ் பார்க் சாப்பாட்டுக் கடையில் போய் வரிசையில் நிற்கவேண்டும்? வீட்டு அலாரம் செய்கிற ஃபக்டரி ஒன்றில் வேலை செய்கிறேன். காலையிலிருந்து பின்னேரம் வரை சர்க்கிட் போர்ட்டில் ஈயம் பற்றவைப்பதுதான் தொழில். அகப்பையைவிடப் பற்றவைக்கிற அயன்தான் என் கைக்கு வசம். அகப்பையைப் பற்றி வீட்டில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

கிட்டார்காரருக்கு வால்வு அம்பிளிஃபயர் என்றால் ஒரு பைத்தியம். உள்ளே கண்ணாடிக் குழாய்கள் செம்மஞ்சளாக எரியும், சத்தம் குழைந்து வரும். எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. சாமான் முழுவதையும் பெட்டியில் போட்டு அனுப்புகிற கிட் ஒன்றை இணையத்தில் பார்த்து வைத்திருந்தேன். ஐந்தே ஐந்து வாட். ஐந்து வாட்தானே, இது சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்தேன். வாட் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கில்தான் பிழை இருந்தது.

என்னவருக்குக் கரண்ட் என்றால் பயம். சும்மா பயமில்லை. வீட்டை விட்டு இறங்குமுன் கேத்தில், டோஸ்டர், அயன்பொக்ஸ் எல்லாவற்றினதும் பிளக்கைக் கழட்டிவிட்டு, கழட்டியதை இன்னொருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் சப்பாத்துப் போடுவார். ஒருமுறை மெல்பேர்னில் இருக்கும் அவருடைய அம்மாவை, என் மாமியைப் பார்க்கப் புறப்பட்டபோது, எனக்குச் சொல்லாமல் மெயின் சுவிட்ச்சையே நிற்பாட்டிவிட்டு வந்துவிட்டார். திரும்பி வந்து கதவைத் திறந்தால், ஃப்ரீசரில் இருந்த கணவாயும் இறாலும் அழுகி, வீடு முழுக்க மீன் சந்தை. அன்று நான் போட்ட சத்தம் அடுத்த ஊர் பென்டில் ஹில் வரைக்கும் கேட்டிருக்கும். அவர் போய் ஃப்ரீசரைக் கழுவினார்.

அவருடைய அண்ணன் இளம் வயதில் கரண்ட் அடித்துச் செத்தவர் என்பது எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். அதற்குமேல் எதுவும் தெரியாது. கேட்டால் கதையை மாற்றிவிடுவார். பயம் அதனால் வந்தது என்று நானும் விட்டுவிட்டேன்.

கிட் வாங்கப்போகிறேன் என்று ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு சொன்னேன்.

“எத்தினை வோல்ட்?” என்று கேட்டார். பல்பு மாற்றவே ஆளைக் கூப்பிடுகிற மனுசனுக்குக் கேள்வி மட்டும் சரியாக வந்தது.

“உள்ளுக்குள்ள முந்நூறு மட்டில வரும்.”

“உமக்கு விசரோ? அந்தச் சாமான் இந்த வீட்டுப் படி ஏறாது.”

“ஏன் ஏறாது? நான் நாள் முழுக்க போர்ட்டோட நிக்கிறவள். பிளக்கைக் கழட்டிப்போட்டுத்தானே கை வைப்பன்.”

அவருடைய முகம் செத்துப்போனது. “கழட்டிப்போட்டு” என்று ஒருமுறை தனக்குள் சொன்னார். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்க் காருக்குள் இருந்தார். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

அந்தக் கிழமை முழுக்க எங்களுக்குள் பேச்சில்லை. எனக்கென்றால் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் என்ன புத்தியில்லாதவளா? அந்தக் கிட்டின் பாதுகாப்புக் குறிப்பை ஒரு எழுத்து விடாமல் வாசித்து, அவர் முகத்துக்கு முன்னால் நீட்டவேண்டும் என்று வீம்பு பிடித்தது. வேலையில் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் வாசித்தேன். வாசிக்க வாசிக்க என் வீறாப்பெல்லாம் இறங்கிப்போனது.

நான் நாள் முழுக்கத் தொடுகிற போர்ட்டுகள் எல்லாம் பன்னிரண்டு வோல்ட். கையை வைத்தாலும் ஒன்றும் ஆகாது. வால்வு அப்படியில்லை. வாட் எவ்வளவு குறைந்தாலும் அதற்கு வோல்ட் முந்நூறு வேண்டும். அதைவிட மோசம் அதற்குள் இருக்கும் கப்பாசிட்டர்கள். பள்ளிக்கூடத்தில் கொள்ளளவி என்று பாடமாக்கி, சோதனை எழுதி, மறந்துபோன சாமான். கரண்ட்டைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். பிளக்கைக் கழட்டினாலும் விடாது. முதன்முதல் செய்கிறவர்கள் வால்வில் தொடங்கவேண்டாம், பற்றரியில் ஓடும் சின்ன சிப் ஒன்றில் தொடங்குங்கள் என்று போட்டிருந்தது. பிளக்கைக் கழட்டிவிட்டு நான் நேராக உள்ளே விரலை விட்டிருப்பேன். சத்தியமாக விட்டிருப்பேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் குசினியில் இறால் கோது உடைத்துக்கொண்டிருந்தார். தோற்றுப்போனதை ஒத்துக்கொள்வது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அதனால் கொஞ்சம் அதிகாரமாகவே தொடங்கினேன்.

“சரி, நீங்கள் வெண்டிட்டியள். ஒன்பது வோல்ட்டிலதான் செய்யப்போறன். அரை வாட். காணுமோ?”

அவர் நிமிரவில்லை. “ஏன் மாத்தினனீர்?”

ஃபோனை எடுத்து அந்தப் பந்தியைத் தமிழில் சொன்னேன். “பிளக்கைக் கழட்டின பிறகும் கப்பாசிட்டருக்குள்ள கரண்ட் நிக்கும். ஆளைக் கொல்லக் காணுமாம். கழட்டியாச்சுதானே எண்டு கை வைச்சுச் செத்த ஆக்கள் இருக்கினமாம்.”

இறால் உடைத்த கை நின்றது.

“திருப்பி வாசியும்.”

திருப்பி வாசித்தேன். கையைக் கழுவாமலே கதிரையை இழுத்து இருந்தார். பிறகு, கல்யாணம் கட்டி இத்தனை காலத்தில் சொல்லாததைச் சொன்னார்.

யுத்த காலம். ஊரில் கரண்ட் இல்லை. கோயில் பெருநாளுக்கு ஜெனரேட்டர் பிடித்து, அதிலிருந்து இரண்டு வயர் இழுத்திருந்தார்கள். ஒன்று பல்புகளுக்கு, மற்றது லவுட்ஸ்பீக்கரின் அம்பிளிஃபயருக்கு. பழைய வால்வு அம்பிளிஃபயர். பொழுதுபடுகிற நேரம் பாட்டு நின்றுபோனது. அண்ணன் மூடியைக் கழட்டிக்கொண்டு, ‘பிளக்கைக் கழட்டடா’ என்று கத்தியிருக்கிறார். என்னவர் அப்போது இளந்தாரி. ஜெனரேட்டரடிக்கு ஓடிப்போய்க் கழட்டிவிட்டு, ‘கழட்டியாச்சு அண்ணை’ என்று திருப்பிக் கத்தியிருக்கிறார். அண்ணன் கை வைத்தார்.

“செத்த வீட்டில எல்லாரும் சொன்னவை, பிளக்கைக் கழட்டாமல் கை வைச்சிட்டான் எண்டு. நான் வாயே திறக்கேல்லை. நான் மற்ற வயரைத்தான், பல்பின்ர வயரைத்தான் கழட்டிப்போட்டன் போல.”

இத்தனை வருசமும் ஒவ்வொரு பிளக்காகப் போய்ப் பார்த்துக்கொண்டு திரிந்த மனுசனை நான் எப்படியெல்லாம் ஏசியிருப்பேன். ஆனால் அழ நேரமில்லை. எனக்கு ஒரு விசயம் தெரியவேண்டியிருந்தது.

“இஞ்சாருங்கோ, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள் கழட்டின உடன பல்புகள் நூந்து இருண்டதோ?”

அவர் கண்ணை மூடினார்.

“இல்லை. எரிஞ்சதுதான். அண்ணை விழுந்து கிடக்கேக்கை அந்த வெளிச்சத்திலதான் முகத்தைக் கண்டனான்.”

“அப்ப நீங்கள் கழட்டினது எதின்ர பிளக்?”

நானே தொடர்ந்தேன்.

“பல்பின்ர பிளக்கைக் கழட்டியிருந்தால் பல்பு நூந்திருக்கும். நூரேல்லை. நீங்கள் கழட்டினது அம்பிளிஃபயரின்ர பிளக்தான். சரியாத்தான் கழட்டியிருக்கிறியள். உள்ளுக்குள்ள நிண்ட கரண்ட்தான் அவரைக் கொன்றது.”

“அவ்வளவு பேரும் சொல்லேக்கை, எனக்குப் பல்பு எரிஞ்சதோ நூந்ததோ எண்டே சந்தேகம் வந்திட்டுது.” பிறகு, “எவ்வளவு நேரம் நிக்கும்?” என்று கேட்டார்.

“சிலதில மணித்தியாலக் கணக்கா நிக்கும்.”

“அண்ணை உடனதான் கை வைச்சவர்.”

“ஓம். உடன வைச்சால் ஆர் கழட்டியிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். நான் கழட்டியிருந்தாலும், பங்குத் தந்தை வந்து கழட்டியிருந்தாலும்.”

கப்பாசிட்டரை எனக்குத் தெரிந்த மாதிரி ஒரு கடதாசியில் கீறிக் காட்டினேன். தண்ணீர் டாங்கி மாதிரி, மோட்டரை நிற்பாட்டினாலும் டாங்கியில் உள்ள தண்ணீர் குழாயில் வரும்தானே என்றேன். விளங்கியது என்று தலையை ஆட்டினார். மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாம் முறையும் கேட்டார். எரிச்சல்காரியான எனக்கு அன்று எரிச்சல் வரவே இல்லை.

பிறகு எழுந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். ஃபோனை எடுத்து மெல்பேர்னுக்கு அடித்தார். மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார்.

“அம்மா, அண்ணை செத்தது பிளக்காலை இல்லை. அம்பிளிஃபயருக்குள்ள கரண்ட் நிண்டிருக்கு. பிளக்கை நான் கழட்டினனான் அம்மா. சரியாத்தான் கழட்டினனான்.”

லைன் அறுந்துவிட்டதோ என்று நான் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தேன். அறவில்லை. மாமியின் குரல் வந்தது.

“இதையோ ராசா, இவ்வளவு காலமும் நெஞ்சுக்குள்ள வைச்சுக்கொண்டு இருந்தனீ?”

அவர் ஃபோனை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கினேன்.

“ஓம் மாமி” என்றேன்.