பத்துக்கு எத்தனை? - என் லைசென்ஸ் புதுப்பித்த கதை

1. மூன்றாவது ஸ்டேஷன்

"மூண்டாவது ஸ்டேஷன் பெயில், மதாம்" என்று ஜினெட் பிரெஞ்சில் சொன்னா. எங்களைச் சோதிக்க வந்த பயிற்சியாளர் அவ.

ஐம்பத்திரண்டு வயதில், மொன்றியலில் பத்தொன்பது வருஷம் அம்புலன்சில் பரமெடிக்காக ஓடிய எனக்கு இந்தக் கதி! எங்கள் லைசென்ஸை இடைக்கிடை செய்முறைச் சோதனை செய்துதான் புதுப்பிக்கலாம்; ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு நோயாளி கேஸ். விழுந்தால் இன்னும் ஒரே ஒரு தரம் விடுவார்கள். அதிலும் விழுந்தால் அம்புலன்ஸில் கால் வைக்கேலாது, திரும்பக் கல்லூரி வாங்கில்தான் போய் இருக்கவேணும். எனக்கு மிச்சம் இருந்தது மூன்று கிழமை.

மூன்றாவதில் எனக்குத் தந்தது நெஞ்சு நோ, அதாவது நெஞ்சு வலி கேஸ். நோயாளியாக ஒருவர் கதிரையில் இருந்து நடித்தார். ஈசிஜி பிடித்தேன், அஸ்பிரின் கொடுத்தேன். காலையில் கோப்பி குடித்தீர்களா, எத்தனை படி ஏறினீர்கள் என்று கேட்டேன். நோவைக் குறைக்கிற நைட்ரோ ஸ்பிரேயும் நாக்குக்குக் கீழே அடித்தேன். "நோ பத்துக்கு எத்தனை?" என்று, பூச்சியம் முதல் பத்து வரை நோவுக்கு ஒரு நம்பர் மட்டும் கேட்கவில்லை.

"அது முதல் வருஷத்தில படிப்பிக்கிறதெல்லோ?" என்றா ஜினெட்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அந்தக் கேள்வி எங்கட சனத்திட்ட சரிவராது, மதாம்" என்றேன்.

"ஏன்?"

2. கோட்-டெ-நெய்ஜ் அம்மா

சொன்னேன். நான் வேலைக்கு வந்த புதிதில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீடு. மகள் போன் அடித்திருந்தா. தாய் யாழ்ப்பாணத்து அம்மா, சோபா விளிம்பில் இருந்தா.

"அம்மா, நோ பத்துக்கு எத்தனை?"

"பூச்சியம் பிள்ளை. இவள்தான் பயந்துபோய் அடிச்சிட்டாள். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

மகள் குறுக்கிட்டா. "காலமை ஊத்தின தேத்தண்ணி அப்பிடியே கிடக்கு. அம்மா தொடவே இல்லை!"

ஈசிஜி போட்டால் நல்ல பெரிய மாரடைப்பு. அந்த அம்மா தப்பிவிட்டா. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. எங்கள் ஆட்கள் ஆருக்கும் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று உயிர் போகும்போதும் பூச்சியம் என்றுதான் சொல்லுவார்கள். அதற்குப் பிறகு நான் நம்பர் கேட்பதை விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்தீர்களா என்றுதான் கேட்டேன்.

ஜினெட் முழுக்கக் கேட்டா. பிறகு ஆறுதலாகச் சொன்னா: "உங்கட கேள்வி நல்லது. ஆனா நைட்ரோவுக்குப் பிறகு நோ குறைஞ்சுதோ கூடிச்சுதோ எண்டு ஆஸ்பத்திரி நேர்ஸ் எதோட ஒப்பிட்டுப் பாக்கிறது? உங்களுக்குத் தெரிஞ்சது உங்களோட வீட்டை போயிடுது."

பஸ்ஸில் பாதி வழி அவவைத் திட்டிக்கொண்டு வந்தேன், மற்றப் பாதி என்னையே திட்டினேன். எத்தனை நேர்ஸ்மார் "நம்பர் என்ன?" என்று கேட்க, "எங்கட ஆக்களிட்ட அது சரிவராது" என்று தோளைக் குலுக்கிவிட்டு வந்திருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன், இதை நான் விடப்போவதில்லை.

3. சோபாவில் நோயாளி

என் மனுசனுக்கு டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை. பின்னேரம் வந்ததும் அவரை நோயாளியாகச் சோபாவில் படுக்க வைப்பேன்.

"பத்துக்கு எத்தனை?"

"பன்னிரண்டு!"

"பகிடி விடாதேங்கோ. என்ரை வேலை போகப்போகுது."

"சரியப்பா, எட்டு."

நைட்ரோ அடிப்பதுபோல் செய்து, "இப்ப?" என்பேன்.

"ஆறு. சோறு போட்டா நாலு."

ஒரு நாளும் விடவில்லை. கேள்வி தானாக வாயில் வரும்வரை மனுசனுக்குத் தினமும் நெஞ்சு நோதான்.

மூன்று கிழமை கழித்து இரண்டாம் தரம் சோதனைக்குப் போனபோது நம்பரைத்தான் முதலில் கேட்டேன். ஏழு என்றார் நோயாளியாக நடித்தவர். நைட்ரோவுக்குப் பிறகு ஐந்து. எல்லாம் முடித்து, "காலையில் கோப்பி குடித்தீர்களா?" என்றேன்.

ஜினெட் நிமிர்ந்து பார்த்தா. "அது தாளில இல்லையே."

"இல்லைத்தான். ஆனா கேப்பன்."

அவ பாஸ் என்று எழுதினா.

4. புது அட்டையோடு

புது லைசென்ஸ் அட்டை கிடைத்த கிழமையே லாசால் பகுதியில் ஒரு தமிழ் வீடு. ஐயா சாரம் உடுத்தபடி கட்டிலில் இருந்தார். ஈசிஜியில் திட்டமாக ஒன்றும் பிடிபடவில்லை.

"ஐயா, நோ பத்துக்கு எத்தனை?"

"பூச்சியம் பிள்ளை. சும்மா மினைக்கெட்டு வந்திட்டியள்."

பூச்சியம் என்று எழுதினேன்.

"காலமைத் தேத்தண்ணி குடிச்சனீங்களோ?"

மனைவிதான் சொன்னா: "ரெண்டு தரம் சூடாக்கிக் குடுத்தன். வேண்டாமாம்."

அதையும் கீழே எழுதினேன். மனைவியை முன்சீற்றில் ஏற்றிவிட்டு நான் ஐயாவோடு பின்னுக்கு இருந்தேன். அம்புலன்ஸ் கதவு சாத்தியதும், "இப்ப எத்தனை, ஐயா?" என்று திரும்பக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, அவளுக்கு முன்னால சொல்லேலாது. பயந்திடுவாள். ஏழு எண்டு எழுதும்."

பூச்சியத்தை வெட்டாமல், பக்கத்தில் ஏழு என்று நேரத்தோடு எழுதினேன். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் மூன்றையும் வாசித்தா: பூச்சியம், தொடாத தேத்தண்ணி, ஏழு. ஒரு கேள்வியும் கேட்காமல் ஐயாவை நேரே உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினா.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லுவது இதுதான். பொய்தான் சொல்லுவார்கள் என்று தெரிந்தாலும் கேளுங்கோ, சொன்னதை அப்படியே எழுதுங்கோ, பிறகு இன்னொருக்கால் கேளுங்கோ.