ஒரே பெண், இரண்டு வரி

தேர்வாய் கண்டிகையில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், ஆட்களின் விவரமெல்லாம் பல எக்செல் ஷீட்களில் சிதறிக் கிடந்தது. ஒரே ஆளுக்கு ஒரு ஷீட்டில் ஆரணி விலாசம், இன்னொன்றில் பெரியபாளையம். எச்.ஆர். மேனேஜர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் சண்டே டேட்டாபேஸ் கிளாஸ் போறீங்களே, இத ஒழுங்கு பண்ணுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

கும்மிடிப்பூண்டியில் எனக்கு வகுப்பெடுத்தவள் என்னைவிடச் சின்னப் பெண். அவள் சொன்னது எளிமையாகத்தான் இருந்தது. ஒரு விஷயத்தை ஒரே இடத்தில் வை. தொழிலாளர்களுக்கு ஒரு டேபிள், அதாவது ஒரு அட்டவணை. ஆளுக்கு ஒரு வரி, ஒரு நம்பர். பிள்ளைகளுக்கு இன்னொரு டேபிள். ஒவ்வொரு பிள்ளையின் வரியிலும் பெற்றவரின் நம்பர். விலாசம் மாறினால் ஒரு இடத்தில் திருத்தினால் போதும். நானும் அப்படியே செய்து, பெருமையாகத் திரிந்தேன்.

தொழிற்சாலையின் ஃபேமிலி டே விழா நெருங்கியது. பிள்ளைகளுக்கு ஸ்கூல் பேக் தருகிறோம், உங்கள் கணக்கில் இத்தனை பிள்ளைகள் என்று எல்லோருக்கும் போனில் செய்தி அனுப்பினோம். அன்று மதியமே பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி என் மேசைக்கு வந்துவிட்டாள். அவள் புருஷனும் எங்களிடம்தான், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறான். காதல் கல்யாணம். ஒன்றாம் வகுப்பு படிக்கும் ஒரே பெண்.

"இன்னாக்கா, எனக்குக் கொயந்தயே இல்லன்னு மெசேஜ் வந்துகீது? பெத்தது நானா, உன் கம்ப்யூட்டரா?"

பிள்ளையின் வரியில் ஒரு நம்பருக்குத்தான் இடம். அங்கே புருஷன் நம்பரைப் போட்டிருந்தேன். எடுத்துவிட்டு இவள் நம்பரைப் போட்டேன். மறுநாள் காலை அவன் வந்து நின்றான்.

"மேடம், நேத்து வரைக்கும் எம்பொண்ணு, இன்னிக்கு இல்லியா? ஊட்ல அவ சிரிச்சிக்கினே கீறா. ஒரே பேஜாராகீது."

யாருக்கும் மனக்குறை வேண்டாம் என்று, அப்பா நம்பரோடு ஒரு வரி, அம்மா நம்பரோடு ஒரு வரி என்று அந்தப் பிள்ளையை இரண்டு தடவை ஏற்றிவிட்டேன். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் திருப்தி.

ஃபேமிலி டே மேடையில் மேனேஜர் மைக்கில் பெயர்களை வாசித்தார். சிறுமி ஏறி பேக்கை வாங்கிக்கொண்டு இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே பெயர். அவளை இரண்டு தடவை ஏற்றியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிறுமி அசரவில்லை. தலையில் இருந்த ரிப்பனை உருவி அம்மா கையில் திணித்துவிட்டு, மறுபடி ஏறினாள்.

"இப்பதானேம்மா வாங்கிட்டுப் போன?" என்றார் மேனேஜர்.

"அது அவ. நான் வேற."

"ட்வின்ஸா? ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"ஆமா. எங்க ஊட்ல அப்டித்தான்."

மைக் எல்லாவற்றையும் கூட்டத்துக்குச் சொல்லிவிட்டது. பிரஸ் ஷாப்காரர்கள் விசிலடித்தார்கள். அப்பனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அம்மாக்காரி ரிப்பனை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அந்த ட்வின்ஸ் எங்க பொறந்தாங்க?"

"என் மேசையிலதான் சார்."

நல்லவேளை, அவரும் சிரித்துவிட்டார்.

அடுத்த வகுப்பில் டீச்சரிடம் சொன்னேன். சிரித்து முடிக்கவே அவளுக்கு நேரமானது. "மூணாவதா ஒரு டேபிள் போடணும்க்கா," என்றாள். பிள்ளைக்கு ஒரே வரி. அதில் பெற்றவர் நம்பரே வேண்டாம். யாருக்கு யார் பிள்ளை என்கிற உறவு மட்டும் மூன்றாவது டேபிளில். அப்பாவையும் மகளையும் சேர்த்து ஒரு வரி, அம்மாவையும் மகளையும் சேர்த்து ஒரு வரி. பேக் எண்ணுவது பிள்ளைகளின் டேபிளில்.

செய்து முடித்ததும் இருவரையும் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். அவன் தன் நம்பரைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போனான். அவள் மட்டும் நின்றாள்.

"யாரு யாருக்கு சொந்தம்னு நாமதான் போடணுமாக்கா?"

"ஆமா."

"அப்போ கம்பெனி மெடிக்கல் கார்டுக்கு என் மாமியாரப் போடறப்ப, அவரு நம்பரோட மட்டும் சேத்துடு. என்னோட வாணாம்."

சேர்த்தேன். கம்ப்யூட்டர் ஒரு ஆட்சேபமும் சொல்லவில்லை.