ஒற்றைக் காலில் வந்த லட்சுமி

ஆடி வெள்ளிக்கிழமை. வாசற்படியிலிருந்து பூஜை அறை வரை அரிசிமாவில் லட்சுமி பாதம் போட்டு முடித்திருந்தேன். கையை மடக்கி மாவில் தோய்த்துத் தரையில் பதித்து, மேலே ஐந்து விரல் வைக்க வேண்டும். ஐம்பது வருஷமாக அந்த வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை.

பூக்காரம்மா குரல் கொடுத்தாள். வாசலில் இறங்கிப் பூ வாங்கி வந்து சாமிக்கு வைத்துவிட்டுத் திரும்பினேன். வெள்ளைப் பாதங்களுக்குப் பக்கத்திலேயே சிவப்பாகப் பாதங்கள். வாசலிலிருந்து உள்ளே வந்திருந்தன.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷம் கூப்பிட்டதற்கு இன்றைக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். சூடம் ஏற்றினேன். தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஈரமாக இருந்தது.

வேங்கிக்காலில் இருக்கும் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகள் கலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

"ஏன் அத்த, லட்சுமி ஒத்தக் காலுலயா வந்தா?"

அப்போதுதான் கவனித்தேன். எல்லாமே வலது பாதம். என் வலது பாதம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுண்டுவிரலுக்குக் கீழிருந்து ஒரு தேங்காய் ஓட்டுச் சில்லை எடுத்தார். பௌர்ணமிக்கு வெறுங்காலோடு மலை சுற்றியபோது, சிதறுதேங்காய் உடைக்கிற இடத்தில் ஏறியிருக்கும். நாலைந்து நாள் அதன் மேலேயே நடந்திருக்கிறேன். நரம்பு மரத்துவிட்டது என்றார் (சர்க்கரை ஜாஸ்தியாகிப் பல வருஷம் போனால் பாதத்துக்கு வலியும் சூடும் தெரியாது). செருப்பு போடச் சொன்ன கலாவிடம், கல்லும் முள்ளும் என்னை ஒன்றும் செய்யாது என்று பெருமை பேசியவள் நான்.

சீழ் எலும்பு வரை போயிருந்தது. சுண்டுவிரலோடு சேர்த்து இரண்டு விரலை எடுக்க வேண்டும், அதிலும் நிற்காவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார்.

"விரல எடுத்துக்கம்மா. கால மட்டும் விட்டுடு. குந்தி உக்காந்துதான் நான் பாதம் போடணும்."

"இன்னும் ரெண்டு நாள் கழிச்சி வந்திருந்தா இப்பிடிப் பேரம் பேசவே முடியாது பாட்டி. அந்த ரத்தம் கண்ணுல பட்டதே நல்லதாப் போச்சு."

நெல், நகை, பேரப்பிள்ளை என்று கேட்டுத்தான் லட்சுமியைக் கூப்பிட்டிருக்கிறேன். நடக்கக் கால் வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டு விரல் போனது. கால் நின்றது. கட்டு பிரிக்கும் வரை கலாதான் வெள்ளிக்கிழமை பாதம் போட்டாள். வாத்துக் கால் மாதிரி இருக்கிறது என்று கட்டிலில் இருந்தபடியே சொன்னேன். "வர்றவ வரட்டும் அத்த. நீங்க கால தூக்கி வைங்க" என்றாள்.

புண் ஆறியபின் தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார்கள். எழுபத்திரண்டு வயசில் முதல்முறையாகப் பார்த்தேன். கோயிலில் அம்மன் பாதத்தைத்தான் முதலில் பார்ப்பேன். என்னுடையதைப் பார்த்ததே இல்லை. வெடிப்பும் வரியுமாக, எங்கெங்கோ நடந்துவிட்டு வந்த வேறு ஒருத்தியின் கால் மாதிரி இருந்தது.

சர்க்கரை உள்ளவர்கள் தினமும் பாருங்கள். வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வலிக்காது.

முன்பெல்லாம் வெள்ளிக்கு வெள்ளி நாளை எண்ணுவேன். இப்போது விடிந்ததும் முதலில் கால், அப்புறம்தான் சாமி. தரையில் இருந்தது என் ரத்தம்தான், தெரியும். ஆனாலும் அன்றைக்கு அதைத் தொட்டு ஒற்றிக்கொண்டதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

தை முதல் வெள்ளியன்று சுவரைப் பிடித்து மெதுவாகக் குந்தினேன். கலா ஆபீஸ் பையோடு பின்னாலேயே நின்றாள். கையை மாவில் தோய்த்துப் பதித்தேன். கட்டைவிரலிலிருந்து மூன்று விரல் வைத்ததும் கை தானாக நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மீதி இரண்டையும் வைத்துவிட்டு, அடுத்த பாதத்துக்கு நகர்ந்தேன்.