வாசலுக்கே வரும் படகு

அந்தமானுக்குப் போய்வந்தவர்கள் கடலின் நீலத்தைப் பற்றி வாய் ஓயாமல் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பயணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தப்பித் தவறி யாராவது பேச்செடுத்தால் முதலில் எழுந்து போவது நான்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. போர்ட் பிளேரில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, கோடை விடுமுறைக்கு எங்கள் மூவருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார். அப்பாவுக்கு வர மனமில்லை. கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தென்னந்தோப்பு காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீருக்காகப் போர் போட்ட இடத்திலெல்லாம் கல்தூள்தான் புகையாக வந்தது. ஊர் திரும்பியதும் கடைசியாக இன்னோர் இடத்தில் போட்டுப் பார்ப்பது, அதுவும் பொய்த்தால் தோப்பைக் கைவிடுவது என்று முடிவாகியிருந்தது. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் புதுத் தொப்பியும் கூலிங் கிளாஸும் வாங்கித் தந்த பிறகு தோப்பை யார் நினைப்பார்கள்?

மாமாவோடு சுண்ணாம்புக் குகை பார்க்கப் படகில் போனோம். அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்ததும் கிளைகள் தலைக்கு மேல் பந்தலாகக் கவிந்தன. பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண், என் வயதுதான். நான் கேரளா என்றதும் அவள் கண் விரிந்தது.

"அப்போ உங்க வீட்டுக்கு போட்லதான் போவீங்களா?"

காலண்டரில் போடுகிற கேரளாவை அவள் நினைத்துக்கொண்டாள். எங்கள் கேரளாவில் பனைமரமும் பொள்ளாச்சி பஸ்ஸும் பஞ்சாயத்துத் தண்ணீர் லாரியும்தான். அதையெல்லாம் யார் விளக்கிக்கொண்டிருப்பது? "வாசலுக்கே வரும்" என்றேன். அதோடு விட்டேனா, வாசலில் நின்றே மீன் பிடிப்போம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

குகையில் வழிகாட்டி, ஓரளவு தமிழ் பேசும் ஒரு வங்காளி, டார்ச் அடித்துக் காட்டினார். மேலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கற்கள் தொங்கின. சொட்டுகிற தண்ணீரால்தான் அவை வளர்கின்றன, கை படவே கூடாது என்றார். எல்லோரும் அண்ணாந்து போட்டோ எடுத்தார்கள். அப்பா மட்டும் ஒரு கல்லின் முன்னால் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இந்தத் தண்ணி வருசம் பூரா வருமுங்களா?"

"எப்பவும் வரும்" என்று சொல்லிவிட்டு வழிகாட்டி நகர்ந்தார்.

எங்கள் பக்கம் நீரோட்டம் பார்த்த இடத்தில் ஒரு கல்லை நட்டு, கற்பூரம் காட்டிக் கும்பிட்ட பிறகுதான் போர் லாரியை வேலையைத் தொடங்க விடுவார்கள். இங்கே கல்லே தண்ணீர் விடுகிறது. அப்பா வேறென்ன செய்வார்? முந்தின நாள் போர்ட் பிளேர் முருகன் கோயிலுக்கு வாங்கியதில் மிஞ்சிய கற்பூரமும் தீப்பெட்டியும் அம்மாவின் பையில் இருந்தன. வாங்கிப் பற்றவைத்துவிட்டார்.

"பாப்பா, நீயும் கேளு. கொழந்த கேட்டாச் சாமி குடுக்கும்."

சென்னைப் பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினேன்.

வெள்ளைக் கல்லில் கரி ஏறியது. வழிகாட்டி "அணைங்க, அணைங்க" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். அப்பா பதறிப்போய்த் துண்டால் துடைத்தார். கரி இன்னும் பரவியது. "தொடாதீங்க!" என்று மறுபடி ஒரு கத்தல். அதற்குள் இரண்டு மூன்று போன்கள் எங்கள் பக்கம் திரும்பிவிட்டன.

"தப்பா நெனைக்காதீங்க. எங்கூர்ல குடிக்கவே லாரித் தண்ணிதானுங்க. கல்லு தண்ணி உடுதேன்னு..."

அப்பா சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கரி பிடித்த கல்லுக்காகக் கூசவில்லை, லாரி என்று சொல்லிவிட்டாரே என்றுதான்.

திரும்பும்போது நான் பயந்தது நடந்தது. படகில் எல்லோர் முன்னாலும் அந்தப் பெண் அப்பாவைக் கேட்டுவிட்டாள்.

"அங்கிள், வாசலுக்கே போட் வரும்னு இவ சொன்னாளே. நீங்க தண்ணியே இல்லைங்கறீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவசரமாகக் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டேன்.

"வரும் கண்ணு" என்றார். "வாசலுக்கே வரும். லாரித் தண்ணின்னது, அவரு திட்டறாரேன்னு நாஞ் சொன்ன பொய்யி."

யாரோ சிரித்தார்கள். பின்னால் ஒரு பெரியவர், "என்னமா நடிச்சாரு பாத்தியா!" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊர் திரும்பிய வாரமே போர் லாரி வந்தது. யாரும் சொல்லாமலே அன்று நானும் கும்பிட்டேன். சாயங்காலம் வரை கல்தூள்தான் வந்தது. அப்பாவின் தலையெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

தண்ணீர் இல்லாத எங்கள் கஷ்டத்தைத் தன் வாயாலேயே பொய் என்று சொல்லி, கல்லைக் கெடுத்தவர் என்ற பெயரோடு பொய்யர் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு அப்பா அந்தப் படகிலிருந்து இறங்கியிருக்கிறார். எனக்கு அது அன்று புரியவே இல்லை. நல்லவேளை, மானம் தப்பியது என்று குதித்துக்கொண்டு, அவருக்கு முன்னால் நான் கரையேறினேன்.